கிறிஸ்துமஸ் பெயர் சுருங்கிய வரலாறு



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் சிரம்பான் கடைத்தெருவில் ஒரு சொல் நம் கண்ணில் படும். துணிக்கடைக் கண்ணாடியிலும் ரொட்டிக்கடைப் பலகையிலும் அதைக் காணலாம். முதலில் பெருக்கல் குறி போன்ற எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்து. அதை ஒட்டி ‘மஸ்’ என்ற ஒலி. கிறிஸ்துமஸ் என்னும் பண்டிகைப் பெயரின் சுருக்கம் அது. முன்பு வாழ்த்து அட்டைகளில் அச்சேறிய அந்தச் சுருக்கம் இப்போது கைப்பேசியிலும் வந்து சேருகிறது.

மம்பாவ், ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு இது யாரோ எவரோ பேசவேண்டிய செய்தி அன்று. 1891ஆம் ஆண்டில் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னர் இந்தப் பகுதியில் ரப்பர் பயிர் பரவியது. தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து பால்மரம் வெட்ட வந்தவர்களுள் இந்துக்களும் இருந்தார்கள், கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ஒரே லயத்தில் ஒரு வீட்டுச் சுவரில் முருகன் படம், அடுத்த வீட்டுச் சுவரில் மாதா படம் என்று வாழ்ந்த மக்கள் நாம். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமசுக்குக் கேக்கும் பலகாரமும் அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வரும். தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. ஆனாலும் பலகாரத் தட்டு போய் வருவது நின்றுவிடவில்லை.

இப்படிப் பழகிய வீட்டுக்கு வாழ்த்து எழுதும் பிள்ளை, ஆங்கிலத்தில் கண்ட சுருக்கத்தை அப்படியே தமிழாக்கி ‘எக்ஸ்மஸ் வாழ்த்துகள்’ என்று எழுதிவிடுகிறது. அதைப் பெற்றுக்கொள்ளும் பெரியவர்களில் ஒருவர் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார். இன்னொருவரோ மனம் வருந்துவார். “எங்கள் ஆண்டவர் பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கீறல் போட்டிருக்கிறார்களே!” என்பது அவருடைய வருத்தம். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டா? அந்தச் சுருக்கம் எங்கிருந்து வந்தது? யார் முதலில் அப்படி எழுதினார்கள்? இவற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்தக் குறியையே சற்று உற்றுப் பார்ப்போம். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் விடைத்தாளில் அதைப் போட்டால், விடை தவறு என்று பொருள். கணக்குப் பாடத்தில் வந்தால், இன்னும் கண்டுபிடிக்காத எண் என்று பொருள். 1637ஆம் ஆண்டில் டேக்கார்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் தம் வடிவகணித நூலில் தெரியாத அளவுகளுக்கு அந்த எழுத்தைக் கையாண்டார். அந்த வழக்கம் உலகெங்கும் பரவிவிட்டது. தேர்தல் நாளில் நாம் வாக்குச்சீட்டில், நமக்கு வேண்டிய வேட்பாளரின் பெயருக்கு நேரே இடுவதும் அதே குறிதான். மலாய் மொழியில் அதனைப் ‘பங்கா’ என்கிறோம். விடைத்தாளில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் குறி, வாக்குச்சீட்டில் ‘இவர்தான் வேண்டும்’ என்று சொல்கிறது. ஆகவே, கோடுகளில் மட்டும் பொருள் இல்லை. யார் எழுதினார், எந்த இடத்தில் எழுதினார் என்பதைப் பொறுத்தே பொருள் அமைகிறது.

அப்படியானால், கிறிஸ்துமஸ் என்ற பெயரின் தலைப்பில் அந்தக் குறியை முதன்முதலில் எழுதியவர்கள் யார்? அவர்கள் கிறிஸ்துவை வேண்டாதவர்கள் அல்லர். கிறிஸ்தவர்களே அவர்கள்.

இயேசுவின் வரலாற்றைக் கூறும் நற்செய்தி நூல்கள் நான்கும் கிரேக்க மொழியில் எழுதப்பட்டவை. கிரேக்கத்தில் ‘கிறிஸ்தோஸ்’ என்றால், எண்ணெய் பூசி அபிஷேகம் செய்யப்பெற்றவர் என்று பொருள். பண்டை இஸ்ரவேல் மக்கள் அரசரையும் குருக்களையும் எண்ணெய் வார்த்துத் திருநிலைப்படுத்தினார்கள். எபிரேய மொழியில் ‘மெசியா’ என்று வழங்கிய சொல்லின் நேர் மொழிபெயர்ப்புதான் கிறிஸ்தோஸ். நம்முடைய மலாய் நண்பர்கள் ஈசா நபியைக் குறிக்கையில் ‘அல்மசீஹ்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதுவும் அந்தச் சொல்லின் உறவுச் சொல்லே. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்த் திருவிவிலியம் ‘அருள்பொழிவு பெற்றவர்’ என்று இந்தப் பொருளைத் தமிழாக்கியது. இதிலிருந்து ஒன்று தெரிகிறது. இயேசு என்பது பெற்றோர் இட்ட பெயர்; கிறிஸ்து என்பது அவரைப் பின்பற்றியவர்கள் அவரை யாரென்று நம்பினார்கள் என்பதைச் சொல்லும் பட்டம். ஒரு கிறிஸ்தவருக்கு அந்தச் சொல்லே ஒரு விசுவாச அறிக்கை. அதனால்தான் அந்தச் சொல்லைத் தொட்டால் அவர் மனம் அசைகிறது.

கிரேக்கத்தில் அந்தப் பட்டத்தின் முதலெழுத்து, ‘கீ’ என்னும் எழுத்து. அதன் வடிவம் ஆங்கில எக்ஸ் எழுத்தைப் போலவே இருக்கும். வடிவம் ஒன்று, ஒலி வேறு. ஆங்கில எக்ஸ் ‘க்ஸ்’ என்று ஒலிக்கும். கிரேக்கக் ‘கீ’ ககர இனத்து ஒலி. கடைப்பலகையில் நாம் காண்பது, உண்மையில் ஆங்கில உடை உடுத்திய கிரேக்க எழுத்து!

எகிப்து நாட்டின் வறண்ட மணலில் புதைந்து கிடந்த பழைய பப்பைரசு ஏடுகள் பல கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. 1931ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட செஸ்டர் பீட்டி ஏடுகள் அவற்றுள் புகழ்பெற்றவை. அவற்றுள் பல, இன்றைக்கு ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. கிறிஸ்தவர்கள் கையால் எழுதிய அந்த ஏடுகளில் ஒரு புதுமை காணப்படுகிறது. கடவுள், ஆண்டவர், இயேசு, கிறிஸ்து ஆகிய சொற்கள் வருமிடத்தில் எழுத்தர் முழுச் சொல்லையும் எழுதுவதில்லை. முதலெழுத்தையும் கடைசி எழுத்தையும் போன்ற சிலவற்றை மட்டும் எழுதி, அவற்றின் தலைக்கு மேலே ஒரு கோடு இழுத்துவிடுகிறார்.

ஏட்டில் இடம் போதாமலா அப்படிச் செய்தார்? அப்படிச் சொல்வதற்கில்லை. இவற்றைவிட நீளமான சாதாரணச் சொற்களை அதே எழுத்தர் ஒன்றும் குறைக்காமல் முழுமையாக எழுதுகிறார். சுருக்கப்பட்டவை பெரும்பாலும் புனிதமான சொற்கள். மேலே இழுத்த கோடு, ‘படிப்பவரே, இங்கே கவனமாக இரும், இது சாதாரணப் பெயர் அன்று’ என்று சொல்வது போல நிற்கிறது. யூத மக்கள் இறைவனின் திருப்பெயரை வாயால் உச்சரிக்க அஞ்சி, அதற்குப் பதிலாக ‘ஆண்டவர்’ என்ற பொருளுடைய வேறு சொல்லைச் சொன்னார்கள். அந்த மரியாதை உணர்வோடு இந்த எழுத்து வழக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். ஆக, சுருக்கம் பிறந்தது அலட்சியத்தால் அன்று. பக்தியால் என்றே தோன்றுகிறது.

312ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் ரோமாபுரிக்கு வெளியே மில்வியன் பாலத்தருகே ஒரு போர் நடந்தது. கான்ஸ்டன்டைன் அதில் வென்றார். அந்தப் போருக்கு முன் அவர் கிறிஸ்துவின் அடையாளத்தைப் போர்வீரர்களின் கேடயங்களில் பொறிக்கச் செய்தார் என்று அக்காலத்து எழுத்தாளர் லாக்டான்சியுஸ் எழுதியிருக்கிறார். கிறிஸ்து என்னும் கிரேக்கச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்த சின்னம் பிற்காலத்தில் அவருடைய கொடியிலும் நாணயங்களிலும் இடம்பெற்றது. இன்றும் கத்தோலிக்கத் தேவாலயங்களுக்குச் செல்பவர்கள் பீடத் துணியிலோ குருவின் உடையிலோ அந்தச் சின்னத்தைக் காணலாம். எக்ஸ் போன்ற எழுத்தின் நடுவே ஆங்கிலப் ‘பி’ போன்ற எழுத்து நிமிர்ந்து நிற்கும்.

அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரிலே, டிரினிட்டி கல்லூரி நூலகத்தில், ‘கெல்ஸ் சுவடி’ என்ற நற்செய்திப் பிரதி பாதுகாக்கப்படுகிறது. கி.பி. 800ஆம் ஆண்டை ஒட்டித் துறவிகள் தோலில் எழுதி வண்ணம் தீட்டிய சுவடி அது. மத்தேயு நற்செய்தியில் இயேசுவின் பிறப்பைச் சொல்லத் தொடங்கும் இடத்துக்கு வரும்போது, ஏறத்தாழ ஒரு முழுப் பக்கத்தையும் கிறிஸ்து என்ற சொல்லின் சுருக்கத்துக்கே அந்தத் துறவிகள் ஒதுக்கிவிட்டார்கள். அந்த எக்ஸ் வடிவ எழுத்து பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை கை நீட்டிக் கிடக்கிறது. அதற்குள்ளே கொடிகளும் சுருள்களும் தேவதூதர்களும் சின்னஞ்சிறு பிராணிகளும் வரையப்பட்டுள்ளன. நேயர்களே, எண்ணிப் பாருங்கள்! கிறிஸ்து பிறந்த கதையின் தலைவாசலில் அந்த எழுத்தைக் கோபுரம்போல எழுப்பி வைத்திருக்கிறார்கள். பெயரை அடிக்க நினைப்பவர் இவ்வளவு பாடுபடுவாரா?

ஆங்கிலேயரும் இந்த வழக்கத்தையே பின்பற்றினார்கள். ‘கிறிஸ்துவின் பூசை’ என்ற பொருளில் பழைய ஆங்கிலத்தில் வழங்கிய தொடர்தான் கிறிஸ்துமஸ் ஆயிற்று. ‘மஸ்’ என்பது ‘மாஸ்’. அதாவது, நம் கத்தோலிக்க முதியவர்கள் பூசை என்றும், பின்னர் வந்தவர்கள் திருப்பலி என்றும் சொல்லும் வழிபாடு. அந்தப் பெயர் 11ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் காணப்படுகிறது. ஏறத்தாழ 1100ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பேட்டில், கிறிஸ்து என்ற பகுதி கிரேக்க எழுத்துகளால் சுருக்கப்பட்ட வடிவத்தில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டிலும் அதை ஒத்த வடிவங்கள் உண்டு. ஆகவே, இந்தச் சுருக்கத்தை இன்றைய கடைக்காரர் கண்டுபிடிக்கவில்லை. அது அவர் கைக்கு வந்தபோதே பல நூற்றாண்டு வயதானது.

அப்படியென்றால் வருந்துகிறவர் வருந்த வேண்டியதில்லையா? இங்கேதான் நாம் நிதானமாகச் சிந்திக்கவேண்டும். பழங்காலத்துத் துறவி அந்த எழுத்தை எழுதியபோது, அது கிரேக்க எழுத்து என்பது அவருக்குத் தெரியும், படித்தவருக்கும் தெரியும். வாயால் வாசிக்கும்போது ‘கிறிஸ்து’ என்றே வாசித்தார்கள். காலம் செல்லச் செல்லக் கிரேக்கம் மறந்துபோயிற்று. விளம்பரம் எழுதுகிறவருக்கும், குறுகிய தலைப்புக்குள் செய்தியை அடக்கவேண்டிய பத்திரிகைக்காரருக்கும் அது இடத்தை மிச்சப்படுத்தும் வழியாயிற்று. பார்ப்பவர் கண்ணில் கிரேக்கக் ‘கீ’ மறைந்து, கணக்குப் பாடத்தின் ‘தெரியாத எண்’ வந்து உட்கார்ந்துகொண்டது. ‘எக்ஸ்மஸ்’ என்று வாயாலும் சொல்லத் தொடங்கினார்கள். 20ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டுக் கிறிஸ்தவர் பலர், வியாபாரம் பெருகிப் பக்தி குறைந்துவிட்டதே என்று கவலைப்பட்ட வேளையில், இந்தச் சுருக்கம் அந்தக் கவலைக்கே அடையாளமாகிவிட்டது. கிறிஸ்துமசில் கிறிஸ்து எங்கே என்று கேட்டார்கள். எழுத்தின் வரலாறு பற்றி அவர்கள் கருத்தில் பிழை இருக்கலாம். ஆனால், அவர்கள் கண்ட குறை வீண் குறை அன்று.

நம் வழக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். நம் பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயரின் முதலெழுத்தை இடுகிறோம். முத்துசாமியின் மகன் கருப்பையா, ‘மு. கருப்பையா’ என்று கையெழுத்திடுகிறார். தந்தை பெயரைச் சுருக்கிவிட்டார் என்று யாராவது அவரைக் குறை கூறுவார்களா? மாட்டார்கள். அந்த ஓர் எழுத்தே தந்தைக்கு மகன் தரும் இடம். ஆனால், ‘மு என்றால் என்ன?’ என்று கேட்கும்போது பேரப்பிள்ளைக்கு விடை தெரியாவிட்டால், அந்த எழுத்து வெறும் எழுத்தாகிவிடும். குற்றம் சுருக்கத்தில் இல்லை, மறதியில் இருக்கிறது.

கடிதத் தலைப்பில் நம் பெரியவர்கள் பிள்ளையார் சுழி போடுவார்கள். ஓர் உகரம், அதற்குள்ளே கடவுள் வணக்கம் முழுவதும் அடங்கிவிடுகிறது. தமிழ் முஸ்லிம் அன்பர்கள் நபிகள் நாயகத்தின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘ஸல்’ என்று எழுதுவார்கள். நீண்டதொரு வாழ்த்தின் சுருக்கம் அது. ஆனால், வாசிக்கும்போது வாழ்த்தை முழுமையாகச் சொல்லவேண்டும் என்பது அவர்களிடையே உள்ள நெறி. எழுத்தில் சுருக்கம், வாயில் முழுமை. பழைய கிறிஸ்தவ எழுத்தர்களின் வழக்கமும் இதுவே.

இன்னொன்றும் உண்டு. கிறிஸ்துவின் பெயரைத் தமிழில் நாமே நாள்தோறும் சுருக்கி எழுதுகிறோம்! வரலாற்றுப் பாடத்தில் ‘கி.மு.’ என்றும் ‘கி.பி.’ என்றும் எழுதுகிறோமே, அந்தக் ‘கி’ யார்? கிறிஸ்துதான். கிறிஸ்துவுக்கு முன், கிறிஸ்துவுக்குப் பின் என்பவற்றின் சுருக்கங்கள் அவை. இந்த ஆண்டுக் கணக்கை 525ஆம் ஆண்டில் டையோனிசியுஸ் என்ற துறவி வகுத்தார். இப்போது பொது ஆண்டு என்னும் பொருளில் ‘பொ.ஆ.’ என்று எழுதுபவர்களும் உள்ளனர். திருவள்ளுவர் ஆண்டைக் கணக்கிடவும் கிறிஸ்து ஆண்டோடு 31ஐக் கூட்டுகிறோம். ‘கி.பி.’ என்று எழுதுவதைக் கண்டு எந்தக் கிறிஸ்தவரும் வருந்துவதில்லை. ஏன்? அந்தக் ‘கி’ கிறிஸ்துவின் சொந்த எழுத்து. ஒவ்வொரு தமிழ்ப்பிள்ளைக்கும் அதன் விரிவு தெரியும்.

இப்போது ‘எக்ஸ்மஸ்’ என்று தமிழில் எழுதுவதை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் அந்த எழுத்துக்குள் கிரேக்கக் ‘கீ’ ஒளிந்திருக்கிறது, கிறிஸ்து இருக்கிறார். தமிழில் ‘எக்ஸ்’ என்று நாம் எழுதுவது அந்த ஆங்கில எழுத்தின் பெயரை மட்டுமே. அதில் கிரேக்க எழுத்தும் இல்லை. கிறிஸ்துவின் ஒலியும் இல்லை. ஆங்கிலத்தில் போகாத பெயர், தமிழுக்கு வரும் வழியில் உண்மையாகவே தொலைந்துபோகிறது! ஆங்கிலச் சுருக்கத்தைக் கண்டு வருந்தும் பெரியவருக்கு வரலாறு ஆறுதல் சொல்லும். தமிழில் ‘எக்ஸ்மஸ்’ என்று கண்டு வருந்துபவருக்கு வரலாறும் துணை நிற்கும்.

தமிழில் நல்ல பெயர்களுக்குப் பஞ்சம் இல்லை. ‘கிறிஸ்துமஸ்’ என்று எழுதும்போது, ஆங்கிலேயர் பேச்சில் விழுங்கிவிடும் தகர ஒலியைக்கூட நாம் ‘து’ என்று முழுமையாகக் காப்பாற்றுகிறோம். கிறிஸ்து பிறப்பு விழா என்றும் வழங்குகிறோம். இந்நாட்டில் ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் பணியாற்ற வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் ‘நத்தார்’ என்றார்கள். பிறப்பு என்னும் பொருளுடைய ‘நத்தால்’ என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது அது. 1511ஆம் ஆண்டில் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் அந்தச் சொல்லை இங்கேயும் கொண்டுவந்தார்கள். இந்தோனேசியர்கள் இன்றும் ‘நத்தால்’ என்றே சொல்கிறார்கள். நம் நாட்டு நாட்காட்டியில் ‘கிரிஸ்மஸ்’ என்று காண்கிறோம்.

கிறிஸ்தவர்களுக்குள்ளேயே பெயர் வழக்கு ஒன்றுபோல் இருந்ததில்லை. கத்தோலிக்கர் நெடுங்காலம் ‘சேசு’ என்றார்கள். சீர்திருத்தச் சபையார் ‘இயேசு’ என்றார்கள். இந்தக் காலத்தில் இரு சாராரும் ‘இயேசு’ என்றே பெரும்பாலும் வழங்குகிறார்கள். பழகிய பாட்டிமார் சிலர் இன்னும் ‘சேசுவே’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எழுத்து மாறினாலும் அழைக்கப்படுபவர் மாறவில்லை என்பதை அவர்கள் அறிவார்கள்.

தோட்டத்துப் பெற்றோர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் பயன் என்ன? ஆங்கிலத்தில் அந்தச் சுருக்கத்தைக் கண்டால், கிறிஸ்துவை யாரோ அவமதித்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகவேண்டாம். அது பழைய பக்தர்கள் விட்டுச்சென்ற எழுத்து என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வாய்விட்டு வாசிக்கும்போது ‘கிறிஸ்துமஸ்’ என்றே வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளிக் கரும்பலகையிலும், விழாப் பதாகையிலும், அண்டை வீட்டுக்கு அனுப்பும் வாழ்த்திலும் முழுப் பெயரையே எழுதச் சொல்லுங்கள். நாலைந்து எழுத்து கூடுதலாக எழுதுவதால் கை நோகாது. பெறுகிறவர் மனம் குளிரும்.

தீபாவளிக்கு நம் வீட்டுக்கு வரும் வாழ்த்தில் யாராவது ‘தீபா’ என்று மட்டும் எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? பொருள் விளங்கத்தான் செய்யும். ஆனாலும், ‘முழுசாக எழுதியிருக்கலாமே’ என்று ஓர் எண்ணம் தோன்றும் அல்லவா? பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே எண்ணந்தான். அவருடைய பண்டிகையை அவருக்குப் பிடித்த பெயரால், அவர் ஆண்டவரின் பெயர் குறையாமல், நாம் வாழ்த்துவோம்.